கையெழுத்து அன்று, கையொப்பம்

உட்காருங்கள். உங்கள் கேள்விக்கு விடை சொல்வதற்கு முன்னால், இந்த நாட்டைத் தலைமுறை தலைமுறையாகக் கெடுத்துவரும் ஒரு பிழையைத் திருத்தியாக வேண்டும். ஆலமரத்தடியில் எதுவும் முளைக்காது என்கிறார்கள். மேடையில் சொல்கிறார்கள், பட்டிமன்றத்தில் சொல்கிறார்கள், மாமனார்கள் மருமகன்களிடம் சொல்கிறார்கள். என் மாமனாரும் சொன்னார். நான் நேரில் போய்ச் சோதித்தேன். எங்கள் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே உள்ள ஆலமரத்தடியில் நாற்காலி போட்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். ஒரு டீக்கடை, ஒரு பஞ்சர் கடை, மனு எழுதிக் கொடுப்பவர் இருவர், கரும்புச்சாறு வண்டி, ஒரு பிள்ளையார். புல் முளைக்கவில்லை, உண்மைதான். புல்லை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது?

ஆகையால், பெரிய நகரத்தின் பக்கத்தில் இருக்கும் சின்ன ஊர் தேய்ந்துபோகும் என்று உங்கள் சென்னையில் யாராவது சொன்னால், நெடும்பேட்டுக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இடம் முக்கியம். சென்னைக்கு மிகவும் ஒட்டியிருந்த ஊர்களைச் சென்னை தின்றுவிட்டது. அவை இப்போது பேருந்துப் பலகையில் மட்டும் இருக்கின்றன. மிகவும் தள்ளியிருக்கும் ஊர்களைச் சென்னைக்குத் தெரியாது. நாங்கள் நடுவில் இருக்கிறோம். இங்கே இட்லி சாப்பிட்டு ரயிலேறினால் அது செரிப்பதற்குள் சென்னை வந்துவிடும். ஆனால் சென்னை எங்களை எட்டிப் பிடித்துத் தின்ன வேண்டும் என்றால் எட்டாது.

பால் இங்கிருந்து போகிறது, கத்தரிக்காய் போகிறது, படித்த பிள்ளைகள் போகிறார்கள். பதிலுக்கு அங்கிருந்து என்ன வருகிறது என்பதுதானே உங்கள் கேள்வி? கொலைகாரர்கள் வருகிறார்கள்.

கொலைகாரர் என்று சொல்வது பிழை. தீர்ப்பு வரும்வரை குற்றம் சாட்டப்பட்டவர். நீதிமன்றம் அவரை ஜாமீனில் விடும்போது ஒரு நிபந்தனை போடும்: நீ சென்னையில் இருக்கக் கூடாது, இன்ன ஊரில் தங்கி, தினமும் காலையில் அந்த ஊர்க் காவல் நிலையத்தில் கையொப்பம் போட வேண்டும். எந்த ஊர்? தொலைவாகப் போட்டால் வழக்கறிஞர் அழுவார். பக்கத்திலேயே போட்டால் போலீஸ் அழும். நெடும்பேடு என்றால் இருவரும் அழுவதில்லை. ஊரில் இவர்களைக் 'கையெழுத்துக்காரங்க' என்பார்கள். கையெழுத்து என்பது நாம் எழுதுகிற எழுத்தின் வடிவம். காவல் நிலையத்தில் போடுவது கையொப்பம். இன்ஸ்பெக்டரிடமே சொன்னேன். "யோவ் புலவரே, உனக்கு வேற வேலையே இல்லியா?" என்றார். வேறு வேலை இருந்தது. பிழை அதைவிட அவசரம்.

ஆம், நான் புலவர் பட்டம் பெற்றவன். பெயர் அரங்கநாயகம். பள்ளியில் இடம் கிடைக்கவில்லை. மாமனாருக்கு ஆண் வாரிசு இல்லை. அதனால் காவல் நிலையத்துக்கு நேர் எதிரே இருக்கும் இந்த வள்ளி லாட்ஜ் கிடைத்தது. மாடியில் அறைகள், கீழே மெஸ். வந்ததும் முதல் வேலையாகப் பலகையில் 'வள்ளி தங்ககம்' என்று தூய தமிழில் மாற்றினேன். ஒரு வாரம் முழுக்கப் பெண்கள் நகை அடகு வைக்க வந்தார்கள். மறுபடி லாட்ஜ் ஆக்கிவிட்டேன்.

கையொப்பக்காரர்கள் வருவதற்கு முன்பு இந்தத் தெருவில் என்ன இருந்தது? ஓர் உரக்கடை, அதன் வாசலில் படுத்திருக்கும் ஒரு நாய். இப்போது சலூன் மூன்று. செல்போன் கடை இருக்கிறது. பிரியாணிக்கு வரிசை நிற்கிறது. முதல் ஆண்டில் ஓர் அப்பளத்துக்காக இந்த மெஸ்ஸில் சண்டை வந்து ஒருவன் இன்னொருவன் காதைக் கடித்துத் துப்பினான். எங்கள் சமையல்கார அம்மா, அஞ்சலை, காதைத் தேடி எடுத்துக் கரும்புச்சாறு வண்டி ஐஸில் வைத்துக் கொடுத்து அனுப்பினாள். அரசு மருத்துவமனையில் தைத்தார்கள், ஆனால் சற்று மேலே தள்ளித் தைத்துவிட்டார்கள். அவன் கண்ணாடி போட்டால் ஒரு பக்கம் ஏறி நிற்கும். அடுத்த மாதம் சோடா பாட்டிலால் ஒருவன் வயிறு கிழிந்தது. அதற்கடுத்து ஒருவன் மாடியிலிருந்து தள்ளப்பட்டுக் கரும்புச்சாறு வண்டி மேலேயே விழுந்தான். இத்தனைக்கும் பிறகு அரசாங்கத்துக்கு வேறு வழியில்லை, தையல் தெரிந்த ஒரு டாக்டரைப் போட்டார்கள். அவசர சிகிச்சைப் பிரிவு வந்தது. இன்று எங்கள் ஊரில் யாருக்காவது அரிவாள்மணையில் விரல் போனால் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. நகரத்தின் அருகாமை இல்லாத ஊரில் இதெல்லாம் நடக்குமா? எழுதிக்கொள்ளுங்கள்.

எத்திராஜ் வந்தது போன மாசியில்.

வடசென்னை ஆள். பூங்காவனம் என்ற ஒருவரை மீன் மார்க்கெட் வாசலில் வெட்டிய வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் இரண்டாமவன். நல்ல உடல்கட்டு. கழுத்தில் காதுக்குக் கீழிருந்து தோள்வரை ஒரு பழைய வெட்டு, மூடாத தையல் போல. சாப்பிட உட்கார்ந்தால் முதுகு சுவரில் பட வேண்டும், கண் வாசலில் இருக்க வேண்டும். அப்படி ஒரே ஒரு நாற்காலிதான் மெஸ்ஸில் உண்டு. அதில் உட்கார்ந்திருந்த எல்.ஐ.சி. ஏஜெண்டை முதல் நாளே தட்டோடு தூக்கி அடுத்த மேசையில் வைத்தான். அடிக்கவில்லை. வைத்தான்.

"நான் வெட்டல வாத்யாரே. கைய மட்டுந்தான் புட்ச்சேன்" என்றான் என்னிடம்.

"பிடித்தேன்."

"அதான். புட்ச்சேன்."

ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி வருவாள். செல்வராணி என்று பெயர். நிறைமாதத்துக்குச் சற்று முன்பு. ரயிலில் நின்றுகொண்டு வந்திருப்பாள், ஆனாலும் அவனுக்கு மீன் வறுத்து எடுத்து வருவாள். இருவரும் மெஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவன் அவள் தட்டைப் பார்க்க மாட்டான். வாசலைப் பார்த்துக்கொண்டே முள்ளை எடுத்துவிட்டு அவள் வாயில் ஊட்டுவான். 'ஊட்டுவது' என்பது பிறர்க்கு, 'உண்பது' தனக்கு. இந்த வேறுபாடு வேறெந்த மொழியில் உண்டு என்று தெரியவில்லை. இருக்கட்டும்.

ஒருநாள் அவளை ரயிலேற்றிவிட்டு வந்து என் முன்னால் நின்றான்.

"வாத்யாரே, ஒரு ஒதவி. பூங்காவனம் தம்பிங்க ரெண்டு பேரு வெளில சுத்தறானுங்க. என்னைத் தேடறானுங்க. யாராச்சும் வந்து எத்திராஜ் கீறானான்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லிடு."

"பொய் சொல்லச் சொல்கிறாயா?"

"ஐய்ய. ஒரு பொய்யிதான் வாத்யாரே. கண்டிசன் முடியட்டும், பொண்டாட்டிய இட்டுகினு நெல்லூரு பூடறேன். அவ அண்ணன் எறா பண்ணை வச்சிகீறான். புள்ள பொறக்கறப்ப நான் இருக்கணும். அவ்ளோதான்."

அவன் இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு நின்றான். வலது கை விரல் முட்டிகள் எல்லாம் உடைந்து ஆறியவை. அந்தக் கைகள் கூப்பினால் சரியாக ஒட்டுவதில்லை. எனக்கு மனம் இளகிவிட்டது. வாக்குக் கொடுத்தேன். "யார் கேட்டாலும் தெரியாது என்பேன்" என்றேன். இதே சொற்களில்தான் சொன்னேன். இதை நீங்கள் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பிற்பாடு சிலர் வேறு மாதிரி பேசினார்கள்.

பங்குனி பிறந்து சில நாள் கழித்து இருவர் காலைச் சிற்றுண்டிக்கு வந்தார்கள். ஒருவர் நடுவயது, நெற்றி நிறைய திருநீறு, மென்மையான குரல். இன்னொருவன் இளையவன், பேசவே இல்லை, சட்டைக் காலரை விட்டு விட்டு இழுத்துக்கொண்டிருந்தான். பொங்கல் கேட்டார்கள். நெய் தாராளமாக இருக்கிறது என்று பாராட்டினார்கள். எத்திராஜ் அப்போது மாடியில் குளித்துக்கொண்டிருந்தான். நான் கல்லாவில் இருந்தேன். அவர்கள் தமக்குள் பேசிக்கொண்டார்கள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

"எதிர்லதான் கையெழுத்து போடறானுங்க" என்றார் பெரியவர்.

"கையொப்பம்" என்றேன்.

"இன்னா சார்?"

விளக்கினேன். வடிவம், ஒப்பம், ஒப்புதல், எல்லாம் விளக்கினேன். பெரியவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். அப்படிக் கேட்பவர்கள் இந்தக் காலத்தில் குறைவு.

"கரெக்டு சார். கையொப்பம்" என்றார். பிறகு இளையவன் பக்கம் திரும்பி, "எத்திராஜி பத்து மணிக்குக் கையொப்பம் போட வருவான்ல. பஸ் ஸ்டாண்டுலேந்து நடந்துதான் வருவான்ல" என்றார்.

ஐயா, அந்த வாக்கியத்தில் இரண்டு பிழைகள். நான் என்ன செய்ய முடியும்? கண்ணெதிரே ஒருவரின் சட்டைக்கை சாம்பாரில் தோய்ந்துகொண்டிருந்தால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? "பத்து இல்லை, பத்தரை. பஸ் நிலையத்திலிருந்து இல்லை, இதோ இந்தப் படியில் இறங்கி இந்த வாசல் வழியாகத்தான்" என்றேன்.

அவ்வளவுதான். அது வினா அன்று. 'வருவானா' என்றால் வினா. 'வருவான்ல' என்பது ஒருவர் தமக்குத் தெரிந்ததாக நினைப்பதை உறுதி செய்துகொள்வது. 'எத்திராஜ் இங்கே இருக்கிறானா' என்று அவர்கள் கேட்டிருந்தால் தெரியாது என்றிருப்பேன், வாக்குத் தவறுகிறவன் இல்லை நான். அவர்கள் கேட்கவில்லை.

பெரியவர் கைகழுவிவிட்டு வந்து என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "உங்கள மாதிரி வெவரம் தெரிஞ்சவங்க எங்க ஏரியாவுல ஒருத்தர் இல்ல சார்" என்றார். அன்று முழுக்க எனக்கு நல்ல மனநிலை.

மறுநாள் எத்திராஜ் படியிறங்கி வந்தான். வெள்ளைச் சட்டை, தலையில் ஈரம். காவல் நிலையத்துப் பேனா எப்போதும் எழுதாது, அதனால் என் பேனாவை வாங்கிக்கொண்டு போவான்.

"பேனா குடு வாத்யாரே. அஞ்சலக்கா, பொங்கலு எடுத்து வையி, வந்துடறேன்."

"ஆறிப் போயிடும்டா, துன்னுட்டுப் போ" என்றாள் அஞ்சலை.

"ஆறட்டும். எனக்கு நாக்கு சுடுது."

அவன் வாசல்படியைத் தாண்டினான். எதிரே ஆட்டோவிலிருந்து நாலு பேர் இறங்கினார்கள். அவர்களில் முதல்நாள் வந்த பெரியவரும் இருந்தார். எனக்கு முகம் மறப்பதில்லை, வணக்கம் சொல்லக் கையெடுத்தேன். அவர் சட்டைக்குப் பின்னாலிருந்து பட்டாக்கத்தியை உருவினார்.

முதல் வெட்டு தோளில், பழைய வெட்டின் மேலேயே விழுந்தது. எத்திராஜ் தெருவைக் கடந்து காவல் நிலையத்துக்குள் ஓடியிருக்கலாம், பத்தடிதான். ஆனால் அந்தப் பக்கத்தில் மூன்று பேர் நின்றார்கள். மெஸ்ஸுக்குள் திரும்பி ஓடிவந்தான். ஒரு பெஞ்சைத் தூக்கி முன்னால் பிடித்தான். பெஞ்சின் மேல் மூன்று வெட்டு விழுந்தது. போய்ப் பாருங்கள், இன்னும் இருக்கிறது, நான் இழைக்கவில்லை. பெஞ்சால் இளையவனின் முகத்தில் இடித்தான், மூக்கெலும்பு முறிகிற சத்தம் அடுப்படி வரை கேட்டதாம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் மேசைக்கடியில் புகுந்தார்கள். எல்.ஐ.சி. ஏஜெண்ட் சட்னி வாளியோடு புகுந்தார்.

"பின்னாடி போடா! பின்னாடி கதவு இல்லியே, ஐயோ!" என்று அஞ்சலை கத்தினாள். கத்திக்கொண்டே கொதிக்கிற கஞ்சித்தண்ணீரைப் பானையோடு தூக்கி வீசினாள். ஒருவன் முகத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டான். தோல் கையோடு வந்தது. அந்த இடைவெளியில் எத்திராஜ் மறுபடி தெருவுக்கு ஓடினான். இடது கை தொங்கிக்கொண்டிருந்தது, தனியாக ஆடியது. காவல் நிலையத்தின் கம்பிக் கதவை எட்டிப் பிடித்துவிட்டான்.

உள்ளே காவலுக்கு நின்ற ஏட்டு என்ன நினைத்தாரோ, கதவை உள்பக்கம் தாழிட்டுவிட்டார். "டேய், போடா, போயிடுடா!" என்று உள்ளே நின்று கூவினார். யாரைச் சொன்னார் என்பது இன்றுவரை தெளிவில்லை. எழுவாய் இல்லாத வாக்கியம்.

"தொறங்க சார். கையொப்பம் போட வந்துகீறேன் சார்" என்றான் எத்திராஜ்.

கையொப்பம் என்றே சொன்னான். நான் காதால் கேட்டேன். இத்தனை நாள் சொல்லிக்கொடுத்தது வீண்போகவில்லை.

கம்பியைப் பிடித்திருந்த கையில் வெட்டினார்கள். விரல்கள் உள்பக்கம் விழுந்தன. பிறகு கழுத்தில், பிறகு முகத்தில். எத்தனை என்று நான் எண்ணவில்லை. அவன் உட்கார்ந்தபடியே கதவில் சாய்ந்து அடங்கிப்போனான். என் பேனா சட்டைப்பையில் அப்படியே இருந்தது. பெரியவர் கத்தியை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறுவதற்கு முன்னால் என் பக்கம் திரும்பி, "வரோம் சார்" என்றார். 'வருகிறோம்' என்பதே முறை. அது சொல்வதற்கு ஏற்ற நேரமாக எனக்குப் படவில்லை.

நான் எங்கே இருந்தேன் என்றுதானே பார்க்கிறீர்கள்? கல்லாவுக்குப் பின்னால். யாராவது ஒருவர் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும் அல்லவா?

இனி உங்கள் கேள்விக்கு முக்கியமான பகுதி. சென்னையிலிருந்து தொலைக்காட்சிக்காரர்கள் எவ்வளவு சீக்கிரம் வந்தார்கள் தெரியுமா? ரத்தம் காய்வதற்குள் வந்துவிட்டார்கள். தொலைதூரத்து ஊரில் இதே கொலை நடந்திருந்தால் இரண்டு வரி போடுவார்கள். எங்கள் ஊரின் பெயர் நாள் முழுக்க ஓடியது. 'நெடும்பேடு'க்கு நடுவில் 'ம்' விட்டுப் போட்டார்கள், தொலைபேசியில் சொல்லித் திருத்தினேன். அன்று மெஸ்ஸில் பகல் சாப்பாடு உச்சிக்குள் தீர்ந்துவிட்டது. அஞ்சலை சமைக்க மாட்டேன் என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுததால் வெளியிலிருந்து சாப்பாடு வாங்கிப் போட்டோம்.

நாலு பேரையும் மறுநாளே பிடித்தார்கள். நாலு பேரும் காவல் நிலையக் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது கையை முறித்துக்கொண்டார்கள். ஒரே குளியலறை, ஒரே கை. வழுக்கல் என்பது இவ்வளவு ஒழுங்காக நடக்கும் என்று நான் எங்கும் படித்ததில்லை. எலும்பு முறிவுக்கும் ஒரு டாக்டரைப் போடச் சொல்லி இப்போது மனு எழுதியிருக்கிறேன், ஆலமரத்தடியில்தான் எழுதினேன்.

காரியம் எல்லாம் முடிந்த பின் செல்வராணி வந்தாள். அவன் பையை எடுத்துப் போக வந்தாள். ஒரு கை இடுப்பில், ஒரு கை வயிற்றில். மெஸ்ஸில் அவர்கள் எப்போதும் உட்காரும் மேசையில் உட்கார்ந்தாள், ஆனால் எதிர் நாற்காலியில். வாசலைப் பார்க்கும் நாற்காலி காலியாக இருந்தது. அஞ்சலை காபி கொண்டுவந்து வைத்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"ண்ணா" என்றாள் என்னை. "ஒண்ணு கேக்கட்டா?"

"கேளம்மா."

"அது இங்க தங்கிகீதுன்னு யாராண்டயும் சொன்னதில்ல. எத்தினி மணிக்கு எறங்கும்னு என்னாண்டகூட சொல்லாது. அவனுங்களுக்கு எப்டி ண்ணா தெரிஞ்சிது, பத்தரைக்கு இந்த வாசல்ல வருதுன்னு?"

நேரான கேள்வி. வினாக்குறி போட வேண்டிய கேள்வி. அதற்கு நேரான விடைதானே முறை?

"அவர்களுக்குத் தெரியாதம்மா" என்றேன். "பத்து மணி என்று தவறாக வைத்திருந்தார்கள். பஸ் நிலையத்திலிருந்து வருவான் என்றும் தவறாக வைத்திருந்தார்கள்."

"அப்பறம்?"

"நான்தான் திருத்தினேன்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். புரியவில்லை போலும் என்று நினைத்து, 'வருவான்ல' என்பதற்கும் 'வருவானா' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லத் தொடங்கினேன். அடுப்படி வாசலில் அஞ்சலை, "யோவ், வாய மூடுய்யா!" என்று கத்தினாள். பதினைந்து ஆண்டாக என்னை 'அய்யா' என்றே அழைத்தவள்.

செல்வராணி மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மேசைமேல் தண்ணீர் ஜக் இருந்தது, எவர்சில்வர், நிறைய தண்ணீரோடு. அதைப் பிடியோடு எடுத்து என் வாயில் ஓங்கி அடித்தாள். மறுபடி அடித்தாள். நான் கல்லாவோடு சாய்ந்து விழுந்தேன். மூன்றாவது அடிக்கு அஞ்சலை வந்து பிடித்தாள், அவசரப்படாமல்தான் வந்தாள். செல்வராணி பையை எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டாள். துக்கத்தில் இருக்கிறவர்களுக்கு இலக்கணம் ஏறாது. நான் புகார் கொடுக்கவில்லை.

தையல் தெரிந்த டாக்டர் உதட்டைத் தைத்தார், நேராகவே தைத்தார். மேல்வரிசையில் நடுவில் இரண்டு பற்கள் போயின. நாவின் நுனி மேற்பல்லின் அடியைத் தொட்டால்தான் 'த' என்ற எழுத்தும் 'ந' என்ற எழுத்தும் பிறக்கும். அதிலிருந்து எனக்குத் தகரமும் நகரமும் சரியாக வருவதில்லை.